டொக்டராவது அழைப்பா, இசட் புள்ளியா?

[திரையில்: கல்லடிப் பாலம், அதிகாலை. டியூஷனுக்குப் போகும் சைக்கிள்கள்.]

மட்டக்களப்பில் உயர்தரப் பரீட்சைக்கு பயோ, அதாவது உயிரியல் பிரிவு, எடுத்த பிள்ளையிடம் "என்னவாகப் போறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. டொக்டர்தான். பூசைக்கோ ஆராதனைக்கோ தவறாமல் போகிற வீடு என்றால் அதற்கு, கடவுளே கூப்பிட்ட பணி என்ற பொருளில், 'அழைப்பு' என்று இன்னொரு பெயரும் சேர்ந்துவிடும்.

சரி, பெறுபேறு வருகிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி, மருத்துவ பீடத்துக்கான மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. அழைப்பு ரத்தா?

[திரையில்: திறந்த வேதாகமம்.]

மத்தேயு 25ஐப் பாருங்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." குணமாக்கினீர்கள் என்று அங்கே இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் 'விசாரி' என்றால் நலம் கேட்பது மட்டுமல்ல, கவனித்துக்கொள்வதும்தான்.

இதே சொல் நல்ல சமாரியன் கதையிலும் வருகிறது. நான்கு சுவிசேஷங்களில் லூக்கா மட்டுமே சொல்லும் கதை. அந்த லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்கிறார். ஆனால் வைத்தியர் சொன்ன கதைக்குள் ஒரு வைத்தியரும் இல்லை! கள்ளர் அடித்துப் போட்டுவிட்டுப் போன ஒருவனுக்கு, வழிப்போக்கனான சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்" என்கிறான். சத்திரக்காரனைப் பற்றிப் பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை. எனக்கு அவன்தான் முக்கியம். காசு வாங்கிக்கொண்டு இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டிய ஆள். நம் ஆஸ்பத்திரி வாட்டில் நைட் டியூட்டி பார்க்கிற தாதி மிஸ் மாதிரி.

அப்புறம், டொக்டர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச வேலை தேடிப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரோடு இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. யார் ஊரில் நிற்பார்கள் என்ற கேள்வி இன்றைக்கும் நமக்குத் தீரவில்லை.

[திரையில்: வாவி நடுவே மாந்தீவு.]

இனி நம் மட்டக்களப்பு வாவிக்கே வருவோம். மாந்தீவில் தொழுநோயாளருக்கான ஆஸ்பத்திரி இருப்பது பலருக்குத் தெரியும். போக வரப் படகுதான். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ ஒரு வருடமோ மருந்து எடுத்தால் நோய் தீரும். ஆனாலும் குணமான பிறகு வீடு ஏற்காமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. மாத்திரை தன் வேலையை முடித்துவிட்டது. விசாரிப்பது மட்டும் பாக்கி இருந்தது. அதைச் செய்தவர்களில் சோறு கொண்டுபோனவர், புண்ணுக்குக் கட்டுப் போட்டவர், படகோட்டி எல்லோரும் அடக்கம்.

ஆகவே, வெட்டுப்புள்ளி தவறிய தம்பி, தங்கச்சிமாரே, அடுத்த வீடியோவில் தாதியர் பயிற்சி, மருந்தாளர், ஆய்வுகூடப் படிப்புகளைப் பார்ப்போம். உயர்தரச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.