ஆன்லைன் சிபிடி நெஜமாவே வேலை செய்யுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி வேளச்சேரில இருந்து ஒரு தம்பி, பேர் சொல்லவேணாம்னு கேட்டிருக்காரு. ஐடி வேலை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடன்னு அடிக்குதாம், தூக்கம் வரல, எதுலயும் ஆர்வமில்ல. "மேடம், ஆன்லைன்ல சிபிடின்னு போடறாங்களே, அது வேலை செய்யுமா, நேர்ல போய்தான் ஆகணுமா, சிங்கிள் பெட்ரூம் வீடு, அம்மா அப்பா இருக்காங்க, தனியா பேச இடமே இல்ல"ங்கறாரு.

வேலை செய்யும் தம்பி. சிபிடின்னா காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி, நம்ம நெனைப்பையும் நடந்துக்கற விதத்தையும் மாத்திப் பாக்கற மனநல சிகிச்சை. ஆனா ஆன்லைன்ல எதை எடுக்கறீங்கங்கறதுல இருக்கு. வீடியோ கால்ல தெரபிஸ்ட்டோட பேசறதும் ஆன்லைன்தான், வாரத்துக்கு ஒரு பாடம்னு நீங்களே படிச்சு எழுதி, நடுவுல ஒருத்தர் மெசேஜ்ல பாத்து பதில் போடறதும் ஆன்லைன்தான், சும்மா ஆப் டவுன்லோட் பண்ணிக்கறதும் ஆன்லைன்தான். கடைசி வகைல நெறைய பேர் பாதிலயே விட்ருவாங்க. ஆள் பாக்கற வகை இருக்கே, லேசான, நடுத்தர அளவு பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் அது நேர்ல போற அளவுக்கே பலன் தருதுன்னு நெறைய ஆராய்ச்சி இருக்கு. கொரோனாக்கு அப்புறம் வந்த ஃபேஷன்னு நெனைக்காதீங்க, ஆஸ்திரேலிய நேஷனல் யுனிவர்சிட்டில மூட்ஜிம்னு ஒரு ஆன்லைன் சிபிடி புரோகிராம் 2001லயே விட்டாங்க. சிபிடி அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1960கள்ல ஆரோன் பெக்குங்கற மனநல டாக்டர் அமெரிக்கால ஆரம்பிச்சது.

உங்க ஞாயித்துக்கிழமையவே எடுத்துக்கலாம். மேனேஜர் "காலைல பேசணும்"னு ஒரு லைன் போடறாரு, உங்க மனசு உடனே "வேலை போச்சு"ன்னு முடிவு கட்டிடுது. புரோகிராம்ல அதை எழுத சொல்வாங்க, என்ன நடந்துச்சு, என்ன தோணுச்சு, எத்தன சதவீதம் நம்பறீங்க, அதுக்கு சாட்சி என்ன, எதிர் சாட்சி என்ன. பாசிட்டிவா நெனைங்கன்னு சொல்ற வேலை இல்ல இது, அதை வாட்ஸ்அப் ஃபார்வர்டே பண்ணிடும். எழுதறதோட நிக்கவும் கூடாது. பயம் அடங்க நீங்க என்ன பண்றீங்கன்னு பாருங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆபீஸ் மெயில திறந்து பாப்பீங்க, அப்போதைக்கு நிம்மதியா இருக்கும், ஆனா பாக்கலன்னா ஏதோ ஆயிடும்ங்கற நம்பிக்கை அதனாலயே கெட்டியாகும். அதனால ஆறு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் ஃபோன அடுப்படில வெச்சிட்டு, என்ன நடக்கும்னு முன்னாடியே எழுதி, நெஜமா என்ன நடந்துச்சுன்னு அப்புறம் எழுதணும். என்னைக் கேட்டா பலனே இங்கதான் இருக்கு, பாட வீடியோ பாக்கறதுல இல்ல. ஆர்வம் இல்லங்கறதுக்கும் இதே மாதிரிதான், மூடு வந்தா பீச்சுக்குப் போலாம்னு உக்காந்திருந்தா மூடு வராது, நேரம் குறிச்சு பெசன்ட் நகர் பக்கம் போயிட்டு வாங்க, மூடு பின்னாடி வரும்.

இன்னொன்னு, படபடப்பு இருக்கறதால தைராய்டு, ரத்த சோகை டெஸ்ட் எடுத்துடுங்க, சிலருக்கு அதுவே காரணமா இருக்கும்.

எல்லாருக்கும் ஆன்லைன் போதாது. சாகணும்னு எண்ணம் வருது, காதுல குரல் கேக்குது, குடி அதிகமாயிடுச்சுன்னா பாடத்தை மூடி வெச்சிட்டு நேர்ல போங்க. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரின்னு சொன்னதும் சிரிக்கறாங்க, 1794லேர்ந்து இருக்கற ஆஸ்பத்திரிங்க அது, ஓபில காட்டிட்டு அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். ஜிஹெச், ஸ்டான்லிலயும் மனநலப் பிரிவு இருக்கு. நடுராத்திரில தாங்க முடியலன்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம்.

பேச இடமில்லன்னீங்க இல்ல, அதுக்கு எழுதற வகைதான் உங்களுக்கு தோது, இயர்ஃபோன் கூட வேணாம். வீடியோ கால்தான் வேணும்னா மொட்டை மாடி, இல்ல ஆபீஸ்ல காலியா கெடக்கற மீட்டிங் ரூம். காசு கட்டறதுக்கு முன்னாடி யார் பதில் போடறாங்கன்னு கேளுங்க, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா ஆர்சிஐ, அதாவது ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியால பதிஞ்ச நம்பர் இருக்கும், கேட்டா தரணும். கோச், ஹீலர்னு மட்டும் போட்டிருந்தா நான் காசு கட்ட மாட்டேன். எழுதறதை எங்க சேமிக்கறாங்க, அழிக்க சொன்னா அழிப்பாங்களான்னும் கேட்டுக்குங்க. ஆபீஸ் லேப்டாப்ல மட்டும் லாகின் பண்ணாதீங்க தம்பி.