பசை காய்வதற்குள் மணி அடித்துவிடுகிறது

அறிவியல் கண்காட்சி விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, மண்டபம் தந்ததோடு இரண்டு நாளும் குழந்தைகளுக்கு மோர் வழங்கிய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, ஆசிரியப் பெருமக்களே, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று தரையில் அமர்ந்து காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடை போர்த்திய பெருமக்களுக்கு நன்றி. அடுத்த ஆண்டு அந்தப் பணத்துக்கு இரண்டு திருப்புளியும் ஒரு குறடும் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தால் இன்னும் மகிழ்வேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை நான் வகுப்பில் சொல்லாத நாள் குறைவு. அதனாலேயே மாணவர்கள் எனக்குச் ‘சுரைக்காய் சார்’ என்று பெயர் வைத்தார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அறிவியல் மாதிரிகளை யார் செய்வது, எதைக் கொண்டு செய்வது, செய்ததை எப்படி மதிப்பிடுவது என்ற மூன்று செய்திகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, யார் செய்வது என்பது. காலையில் கண்காட்சியைச் சுற்றி வந்தபோது தெர்மாகோலில் செதுக்கி வண்ணம் தீட்டிய இதயம் ஒன்றைப் பார்த்தேன்; வேலைப்பாடு அருமை. இடது கீழறையின் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன் என்று பக்கத்தில் நின்ற குழந்தையிடம் கேட்டேன். “அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்” என்று பதில் வந்தது. உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் அறை அது என்பதை அந்தத் தந்தை அறிந்திருப்பார். இரவெல்லாம் கண்விழித்துச் செதுக்கியவர் அவரல்லவா!

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு நுரையீரல் மாதிரி செய்யச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, அந்த வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்ட வேண்டும். மூடியில் துளையிட்டு உறிஞ்சுகுழலைச் செருகி, உள்ளே அதன் நுனியில் சிறு பலூனைக் கட்ட வேண்டும். ரப்பரைக் கீழே இழுத்தால் உள்ளிருக்கும் பலூன் உப்பும். எல்லோருக்கும் உப்பியது, ஒரு மாணவிக்கு மட்டும் உப்பவில்லை. பலூனை மாற்றினாள், குழலை மாற்றினாள், மணி அடித்துவிட்டது. மறுநாள் ரப்பரை மாற்றினாள், மறுபடியும் மணி. மூன்றாம் நாள் அவள் வகுப்பில் இல்லை. தேடிப் போனால், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, குழலின் வாயை விரலால் பொத்திக்கொண்டு, பாட்டிலைத் தலைகீழாக முக்கி, ரப்பரை உள்நோக்கி அமுக்கிக்கொண்டிருக்கிறாள். மூடித் துளையின் ஓரத்திலிருந்து குமிழி குமிழியாக வருகிறது. “சார், பஞ்சர்!” என்று அவள் போட்ட கூச்சலில் சமையல் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அவளுடைய மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

மெழுகை உருக்கி அந்த ஓரத்தை அடைத்தாள். அடைத்துவிட்டு அவள் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: “பாட்டிலுக்குள்ள இடம் கூடினாத்தானே சார் காத்து வரும்? ஓட்டை இருந்தா அந்த வழியா வந்துடுது, அப்புறம் பலூனுக்குள்ள எதுக்கு வரும்?” காற்று புகுவதால் நெஞ்சு விரிவதில்லை, நெஞ்சு விரிவதால்தான் காற்று புகுகிறது என்ற பாடத்தை ஆண்டுக்கணக்காக நடத்திய எனக்கு அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை. அதோடு விட்டாளா? “நம்ம விலா அசையுது, பாட்டில் அசையலையே, அப்ப இது சரியான மாதிரியா?” என்றும் கேட்டாள். ஏட்டுச் சுரைக்காயிடம் இப்படியொரு கேள்வி கேட்க யாருக்குத் தோன்றும்?

ஆனால் பெரியோர்களே, அந்தக் குமிழிக்கு மூன்று நாள் பிடித்தது. அதுவும் அவள் என் வகுப்புக்கு மட்டம் போட்டதால் கிடைத்த நேரம்! நாற்பது நிமிடப் பாடவேளையில் கத்தரிக்கோலைப் பங்கிட்டு முடிக்கவே பாதி போய்விடும், பசை காய்வதற்குள் மணி அடித்துவிடும். வேலை வீட்டுக்குப் போகிறது, வீட்டிலிருந்து கடைக்குப் போகிறது, கடையிலிருந்து தெர்மாகோல் இதயமாகத் திரும்பி வருகிறது.

பொருளுக்குப் பஞ்சமில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் தொடங்கியது. பின்னர் அங்கே சென்ற பொறியாளர் அரவிந்த் குப்தா தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்தே, சதுரம் சாயும், முக்கோணம் சாயாது என்று காட்டினார். நம் மாநிலத்திலும் 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசுப் பள்ளி அறிவியல் திட்டத்தின் கருத்தாளர்கள் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குப் பொருள்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் போன மறுநாள் அதைத் தொடர நேரம் எங்கே என்பதுதான் என் கேள்வி.

எனவே மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களிடம் ஒரே விண்ணப்பம்: வாரத்தில் ஒரு நாள், அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகளை அறிவியலுக்கு ஒதுக்கித் தாருங்கள், செய்யத் தொடங்கியதை மறு வாரம்வரை வைத்திருக்க ஒரு அலமாரியும் வேண்டும். ஏட்டுச் சுரைக்காய்க்குத் தனி அலமாரி தேவையில்லை, பாதியில் நிற்கும் பாட்டிலுக்குத் தேவை.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டாம், மூன்றாம் செய்திகள் என் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், கையெழுத்திட்டபின் அதை அங்கேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.