பழைய மோட்டார் சைக்கிளில் அசல் எது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரிடம் "வண்டி அசலா?" என்று கேட்டுப் பாருங்கள். "நூத்துக்கு நூறு அசல் சார், ஆர்சி புத்தகத்துல இருக்குற நம்பர்தான் இன்ஜின்லயும் இருக்கு" என்பார். நம்பர் குத்தியிருப்பது இன்ஜினில் ஓர் இடம், சேசிஸில் ஓர் இடம். மீதிச் சாமான்களுக்கு யார் சாட்சி? டேங்க், மட்கார்டு, கார்புரேட்டர், லீவர், கடைசி வாஷர் வரைக்கும் இருக்கிறதே!

அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குறிப்பாக, ஒரு கம்பெனி ஒரு மாடலை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கும் முன், சோதனைக்கும் கண்காட்சிக்கும் என்று கையால் செய்கிற சில வண்டிகள் உண்டு. அந்த முன்மாதிரி வண்டிகளில் எது அசல் பாகம் என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. அதெல்லாம் நமக்கெதற்கு என்று ரேடியோவை நிறுத்திவிடாதீர்கள். அங்கே பார்க்கிற பார்வைதான் உங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிற புல்லட்டுக்கும் வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹோண்டா கம்பெனி 1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் சிபி 750 என்ற வண்டியைக் காட்டியது. நாலு சிலிண்டர், 736 சிசி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காக, தயாரிப்புக்கு முந்தைய நாலு வண்டிகள் போயின. அந்த நாலில் ஒன்று 2018-ல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. விலை 1,61,000 பவுண்டு. அன்றைய கணக்கில் நம்ம பணத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். அதே மாடலில் பின்னால் லட்சக்கணக்கில் வண்டிகள் வந்தன. அவற்றுக்கு இந்த விலை கிடையாது. இத்தனை பணம் நிற்கிற இடத்தில் "இது அந்தக் காலத்துச் சாமான்தானா, பிறகு மாட்டியதா?" என்ற கேள்வி வராமல் இருக்குமா?

அந்த மாடலில் முதலில் விற்பனைக்கு வந்த 7,414 வண்டிகளுக்கு இன்றைக்கும் தனி மதிப்பு. அவற்றின் கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிக்கூடு, சொரசொரவென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மணல் வார்ப்பு என்றே உலகம் பேர் வைத்துவிட்டது. உண்மையில் அது உலோக அச்சில் உருகிய உலோகத்தை மேலிருந்து ஊற்றி எடுத்தது. ஓட்டம் எப்படி இருக்குமோ, எவ்வளவு விற்குமோ என்று தெரியாதபோது அழுத்தம் தாங்குகிற விலை உயர்ந்த அச்சு, அதாவது டை, செய்ய எந்தக் கம்பெனி துணியும்? வண்டி பிய்த்துக்கொண்டு விற்க ஆரம்பித்த பிறகுதான் அழுத்தத்தில் அடிக்கிற டை வார்ப்புக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு வந்த கேஸ் மழமழவென்று இருக்கும்.

இந்தச் சொரசொரப்பும் மழமழப்பும்தான் அடிப்படை. நாச்சியார்கோயில் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அங்கே பத்தர்கள் குத்துவிளக்கு வார்ப்பது காவிரி வண்டல் மண்ணில். அடித்தட்டு, தண்டு, அகல், மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டுப் பூட்டுவார்கள். கடைசல் பிடிக்காத உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மண்ணின் குருணை அப்படியே உலோகத்தில் பதிந்திருக்கும். அச்சுப் பெட்டியின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தடித்த கோடு, கொஞ்சம் கோணலாக ஓடும். சின்ன வயதில் அந்தப் பட்டறைகளில் திரிந்த விரலுக்கு, பழைய இன்ஜினில் மணல் வார்ப்பு எது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். டை வார்ப்பில் கோடு மெல்லியதாக, நேராக இருக்கும். அதைவிட முக்கியமாக, உள்பக்கத்தில் அங்கங்கே சின்னச் சின்ன வட்டத் தழும்பு இருக்கும். அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளுகிற ஊசி விட்டுப்போன தடம் அது. முன்மாதிரி வண்டி என்று ஒருவர் உங்களிடம் சொல்லி, கவரைக் கழற்றினால் அந்த வட்டங்கள் வரிசையாக இருக்கின்றன என்றால், அந்தக் கவர் பெரும்பாலும் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததுதான். வட்டம் என்றால் டை. டை என்றால் ஆயிரக்கணக்கில் அடிக்கிற தயாரிப்பு.

சரி, ஹோண்டாவை விட்டு நம்ம புல்லட்டுக்கு வருவோம். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடுவதற்கான ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டின் முன்மாதிரிகள் 1948-ல் இங்கிலாந்தில் கோல்மோர் கோப்பைப் போட்டியில் ஓடின. அடுத்த ஆண்டுதான் விற்பனைக்கு வந்தது. சென்னையில் என்ஃபீல்டு இந்தியா 1955-ல் தொடங்கியது. முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்திலிருந்து சாமான்கள் பெட்டி பெட்டியாக வரும், இங்கே பூட்டுவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் திருவொற்றியூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். இந்த மாறுகிற காலம் இருக்கிறதே, அங்கேதான் வேடிக்கை. ஒரே வண்டியில் சீமைச் சாமானும் நம்மூர்ச் சாமானும் கலந்து நிற்கும். அந்தக் கலவையே அசல். அதை யாரோ கெடுத்து வைத்தது என்று நினைத்து, உதிரிபாகப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துகிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவர்கள்தான் என் வயிற்றெரிச்சல்.

குடமுருட்டிக் கரையில் ஒரு ஊருக்கு இப்படித்தான் ஒருமுறை கூப்பிட்டார்கள். தாத்தா ஓட்டிய புல்லட், ஐம்பதுகளின் பின்பாதியில் வாங்கியது. பேரன் பெங்களூரில் வேலை. நல்ல பையன், ஆர்வமான பையன். "வாங்க மாமா, வண்டிய ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டீங்கன்னா பெயின்டுக்கு அனுப்பிடுவேன்" என்றான். வண்டி வைக்கோல் போட்ட கொட்டகையில் நின்றது. பேட்டரி கேரியர் புத்தம் புதிதாக மின்னியது. "பழசு எங்கப்பா?" என்றேன். "அது யாரோ லோக்கல்ல அடிச்ச தகடு மாமா. புக்குல இல்லவே இல்ல. கழட்டிப் போட்டுட்டு சரியானத வரவழைச்சுட்டேன்."

புது கேரியரைக் கழற்றச் சொன்னேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தால், சேசிஸில் அந்த இடத்தில் மட்டும் கம்பெனிக் கருப்பு மங்காமல் பளபளவென்று இருக்கிறது. சுற்றிலும் வெயிலும் எண்ணெயும் பட்டு வெளுத்துப்போய், நடுவில் ஒரு தகட்டின் உருவம் அச்சாக. அந்த உருவத்தில் ஒரு பக்கம் அரைவட்டமாக ஒரு வெட்டு. புதிய கேரியரில் அப்படி வெட்டே கிடையாது. "பழைய தகட்டுல அரைவட்டமா ஒரு வெட்டு இருந்துச்சா?" என்றேன். அவனுக்கு ஞாபகம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பாயி சொன்னார்கள்: "அந்தத் தகடா? மாட்டுக் கொட்டகைக் கதவுக்குக் கொண்டியா அடிச்சு வச்சிருக்கேன். பெறையாட்டம் வெட்டு இருக்கும்."

போய்ப் பார்த்தோம். அதேதான். வெட்டின் விளிம்பில் அரத்தால் ராவிய கோடுகள் சாய்வாகத் தெரிந்தன. ஓட்டை முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கையால் செய்தது. கொண்டுவந்து சேசிஸில் வைத்தால் அந்த உருவத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. கவனியுங்கள், அந்த இடத்தில் இருந்தது ஒரே ஓர் உருவம்தான். முதலில் ஒரு கேரியர் இருந்து, பிறகு யாராவது இதை மாட்டியிருந்தால் இரண்டு உருவம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்திருக்கும். புதுப் பெயின்டின் மேல் முதன்முதலில் உட்கார்ந்தது இந்தத் தகடுதான். அது முன்மாதிரி வண்டி என்று நான் சொல்லவில்லை. வரிசைத் தயாரிப்பு சீராவதற்கு முன்னால் வந்த வண்டி, அவ்வளவுதான். ஆனால் முன்மாதிரியில் வேலை செய்கிற அதே தர்க்கம் இங்கேயும் வேலை செய்தது. உதிரிபாகப் புத்தகம் எழுதுவது தயாரிப்பு ஒழுங்குக்கு வந்த பிறகு. அதற்கு முன்னால் செய்த பாகம் அந்தப் புத்தகத்தில் எப்படி இருக்கும்? புத்தகத்தில் இல்லாத பாகம், கையால் செய்த தடத்தோடு, முதல் பெயின்டின் மேல் உட்கார்ந்திருந்தால், அதைத் தூக்கிப் போடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், தூக்கிப் போடாதீர்கள். ஒரு துணிப்பையில் போட்டு, எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி வையுங்கள்.

அப்பாயி லேசில் விடவில்லை. "கதவுக்கு வேற கொண்டி வாங்கிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். பேரன் அன்று சாயங்காலமே பாபநாசம் போய் வாங்கி வந்தான்.

அடுத்து போல்ட். என்னைத் தெரிந்தவர்கள் இப்போது சிரிப்பார்கள். போல்ட் பேச்சை எடுத்தால் நான் விட மாட்டேன். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளின் போல்ட் மில்லிமீட்டர் கணக்கு கிடையாது. ஸ்பேனரே வேறு. விட்வொர்த் என்பது பழைய இங்கிலாந்து அளவு முறை. கால் இஞ்ச் என்று போட்ட விட்வொர்த் ஸ்பேனரின் வாயை அளந்தால் கால் இஞ்ச் இருக்காது, 13.3 மில்லிமீட்டர் வரும். கால் இஞ்ச் என்பது போல்ட்டின் தண்டு. அதனால்தான் 13-ம் நம்பர் ஸ்பேனர் அந்தத் தலையில் ஏறாது, 14 போட்டால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரால் திருகித் திருகி மூலை மழுங்கிப்போன போல்ட் ஒன்றைப் பார்த்தால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். ஏன் தெரியுமா? அது பழைய போல்ட். பரம அசல் என்று சொல்லி விலை பேசுகிற வண்டியில் 14-ம் நம்பர் ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தால், அந்த போல்ட் நம்ம டவுன் கடையில் வாங்கியது. மரையும் அப்படியே. அந்த வண்டிகளில் வரும் சைக்கிள் மரை என்ற வகையில் இஞ்சுக்கு 26 சுற்று, நெருக்கமாக இருக்கும். நகத்தை வைத்துப் பார்த்தாலே தெரியும். ஜாவாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது செக்கோஸ்லோவாகியா வண்டி, ஆரம்பத்திலிருந்தே மில்லிமீட்டர்தான். மைசூரில் செய்ததும் அதே கணக்குதான். ஜாவாவில் விட்வொர்த் போல்ட் கண்டால் யாரோ புல்லட் மெக்கானிக் கைவைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கழுவாதீர்கள். வண்டி கிடைத்ததும் டீசல் அடித்து, பம்ப்செட் தண்ணீரைப் பீய்ச்சி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது நம்ம ஊர் வழக்கம். திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த நடராஜர் லண்டன் வரைக்கும் போய், அங்கே வழக்கு நடந்து, 1991-ல் திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். அது நம்ம ஊர்ச் சிலைதான் என்று காட்டுவதற்கு அந்தக் கோர்ட்டில் வைத்த சாட்சியங்களில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் ஒன்று. யாராவது புளி போட்டுத் தேய்த்திருந்தால் அந்தச் சாட்சி போயிருக்கும். வண்டியிலும் கிரீஸுக்கு அடியில்தான் முதல் பெயின்ட் இருக்கிறது, கம்பெனிக்காரர் சாக்பீஸில் போட்ட குறி இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும். எல்லாப் பாகமும் ஒரே மாதிரி பூத்திருக்க, ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் அது பின்னால் வந்தது. கழுவிவிட்டால் இதை எப்படிப் பார்ப்பீர்கள்? முதலில் போட்டோ எடுங்கள், பிறகு துடையுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பொடியைச் சூட்டில் படிய வைக்கிற பவுடர் கோட்டிங் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. இதற்காக என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட நண்பர்கள் உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். மின்சாமான்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி செய்த மேக்னட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தருவது), டைனமோவில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். 3 56 என்றிருந்தால் 1956 மார்ச். அது வண்டியின் தேதிக்குச் சில மாதம் முன்னால் இருந்தால் பொருத்தம், பின்னால் இருந்தால் மாற்றியது. லூகாஸ் டிவிஎஸ் என்று பெயர்த் தகடு இருந்தால் அந்தக் கம்பெனியே 1961-ல்தான் சென்னைப் பக்கம் பாடி என்ற ஊரில் வந்தது. 1956 வண்டியில் அது எப்படி இருக்கும்? ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும் ஒரே கூட்டுக்குள் இருந்து, இருபுறமும் சின்ன பைலட் விளக்கு இருந்தால் அது 1954 மாடல் முதல் வந்த அமைப்பு. அதற்கு முந்தைய புல்லட் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நம்பர் விஷயம். பென்சில் தேய்த்துச் சேசிஸ் பிரிண்ட் எடுக்கிறோமே, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். எழுத்தின் உயரம் ஒன்றுக்கொன்று மாறினாலோ, அடியில் கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தாலோ விலை பேசுவதை நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டியை, பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருந்தால், விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். விஏ என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு அதை எடுக்க முடியாது. அதற்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வந்தேன், படிக்க நேரமில்லை. உங்கள் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது ஆர்சி புத்தகத்தின் பழைய பக்கங்களையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.