கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

நடுவர் அவர்களுக்கும் திருப்பாதிரிப்புலியூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, வழக்குக்கு வந்துவிடுகிறேன்.

கடவுள் கைவிட்டுவிட்டாரோ என்று மனம் தவிக்கிறபோது அவரிடமே குறை சொல்லி முறையிடுவது பக்தியா, வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்வது பக்தியா? முறையிடுவதுதான் பக்தி என்பது எங்கள் அணி. அதற்கு வரிசையாகக் காரணம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எதிரணித் தம்பி இறங்குகிற நேரத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். “கடவுள் என்ன தாலுகா ஆபீசா, குறை இருந்தா மனு எழுதிக் கொடுக்க?” நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போக முடியாது.

தம்பி, நீங்கள் விருத்தாசலம் போயிருக்கிறீர்களா? பக்கத்திலேயே மணவாளநல்லூர். நம்ம கடலூர் மாவட்டம்தான். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்கு மனு எழுதித்தான் கொடுக்கிறார்கள்! அதற்குப் பெயரே ‘பிராது கட்டுதல்’. இங்கே தலையாட்டுகிற பெரியம்மாக்களில் எத்தனை பேர் கட்டியிருப்பீர்கள்!

எப்படிக் கட்டுகிறார்கள் என்று தம்பிக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளைத்தாள். மேலே, ‘மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு’ என்று எழுதணும். அடுத்து உங்கள் பெயர், ஊர். அதற்குக் கீழே குறை. நகை தொலைந்ததா, கொடுத்த கடன் திரும்பவில்லையா, பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டானா, உள்ளதை உள்ளபடி எழுதணும். அந்தத் தாளைச் சாமி பாதத்தில் வைத்துப் பூசை செய்து, திருநீற்றோடு மடித்துத் தருவார்கள். அதைக் கொண்டுபோய் முனியப்பர் சன்னதியில் இருக்கிற வேலில் நூல் போட்டுக் கட்டிவிட்டு வரணும். கட்டணம் எப்படித் தெரியுமா? உங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்ப்பார்கள். சாமி உங்கள் வீடு வரை வந்து விசாரிக்கணுமே, அதற்கு வழிச்செலவு! மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்று நம்பிக்கை. குறை தீர்ந்ததும் போய்ப் பிராதை வாபஸ் வாங்கணும்.

தாலுகா ஆபீசா என்று கேட்டீர்கள். தாலுகா ஆபீசில் அதிகாரி நம் வீட்டுக்கு நடந்து வருவாரா, தம்பி?

இந்தப் பழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாளில் எழுத உட்கார்ந்தால் ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று பொதுவாக எழுத முடியாது. யாருக்கு, யார், என்ன, என்ன வேண்டும், நாலும் வந்தாகணும். முறையீடு கெட்டுப்போவது இரண்டு இடத்தில். குறையைத் தெளிவாகச் சொல்லாமல் புலம்புவது ஒன்று. விலாசம் மாறிப்போவது இன்னொன்று. சாமியைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னால் அது முணுமுணுப்பு. சாமியிடமே சொன்னால் அதுதான் முறையீடு.

இதை நமக்கு எழுதிக் காட்டியவர் யார்? சூலை நோயோடு திருவதிகைக்கு வந்தாரே, அப்பர் பெருமான். பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலக்கரை. வயிற்று வலியில் துடிக்கிறவர் வாயிலிருந்து வந்த முதல் பாட்டு.

“கூற்றாயின வாறு விலக்ககலீர்”. எமன் மாதிரி வந்து நிற்கிறது, நீர் விலக்கவில்லை! முதல் அடியிலேயே குற்றச்சாட்டு. “கொடுமை பல செய்தன நான் அறியேன்”. என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்து, இரவும் பகலும் உன் காலடியை விட மாட்டேன் என்கிறார். சண்டை போடுகிறார், வீட்டை விட்டுப் போகவில்லை! பிறகு வலி எங்கே? “தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட”. வெளியே தெரியாமல், வயிற்றுக்குள்ளே, குடலோடு சேர்த்துக் கட்டி முடக்குகிறது. டாக்டரிடம் கூட நாம் இவ்வளவு சரியாக இடம் சொல்ல மாட்டோம். “ஆற்றேன் அடியேன்”. என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் விலாசம்: “அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே.” ஊர், ஆறு, கோயில், எல்லாம் சரியாக இருக்கிறது. நாலாம் திருமுறை இந்த முறையீட்டில்தான் தொடங்குகிறது. பொறுத்துக்கொள்வதுதான் பக்தி என்றால் இந்தப் பாட்டை எங்கே வைப்பீர்கள்?

“தப்பே செய்யாதவர் கேட்கலாம், தப்புச் செய்தவன் கேட்கலாமா?” என்று எதிரணி அம்மா கேட்டார். சுந்தரர் செய்தது தப்புதான். பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினார், இரண்டு கண்ணும் போனது. காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் வாசலில் நின்று நன்றியா சொன்னார்? “மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே!” இன்னொரு கண்ணைக் கொடுக்காவிட்டால் போங்கள், நீங்களாவது நன்றாக இருங்கள்! கோபித்துக்கொண்டு அம்மாவிடம் பிள்ளை பேசுகிற பேச்சு அது. அந்தக் கண்ணும் வந்தது.

சர்ச்சுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். பைபிளில் பதின்மூன்றாம் சங்கீதத்தில் மொத்தமே 6 வசனம். முதல் 2 வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்று 4 தடவை கேட்டுவிடுகிறது. அதே பைபிளில், எல்லாம் இழந்து தவித்த யோபுவிடம் வாயை மூடு என்று புத்தி சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டார். வாதாடிய யோபுவை இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், நடுவர் அவர்களே.

அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கரை சேர்த்த இடம் நம்ம ஊர். இன்றைக்கும் அதற்குக் கரையேறவிட்ட குப்பம் என்றுதான் பெயர். அதே கடல்தான், 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினத்துக்குள் வந்தது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனது.

வருஷம் தவறாமல் அந்த நாளில் நம்ம பெண்கள் செம்பில் பால் கொண்டுபோய்க் கடலில் ஊற்றுகிறார்கள். அலை காலைத் தொடுகிற இடத்தில் நிற்கிறாள் ஒருத்தி. பால் பாதி, கண்ணீர் பாதி. ‘அப்பருக்குக் கல்லையே மிதக்கவிட்டியே சாமி, எம்புள்ள கல்லக்கூடக் கட்டிக்கலையே, அவன ஏன் விடல?’ என்று அவள் கேட்டால், கேட்காதே, அது பக்தி இல்லை என்று போய்ச் சொல்ல இந்த மேடையில் யாருக்கு மனசு வரும்? அடுத்த வருஷமும் அவள் வருகிறாள். அதே கடல், அதே சாமி, அதே கேள்வி. செம்பில் பாலும் கொண்டுவருகிறாள்.

அவள் பேசட்டும், நடுவர் அவர்களே. நான் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.