முட்டத்துப் போட்டும் 30 டிகிரியும்: வெக்டரைக் கூறு பிரிப்போம் வாங்க

வணக்கம் மக்களே! நேரா கணக்குக்குப் போயிருவோம். முட்டத்துல இருந்து ஒரு போட்டு கடலுக்குப் போவுது. வேகம் வினாடிக்கு 6 மீட்டர். திசை, தெற்குல இருந்து மேற்குப் பக்கமா 30 டிகிரி சாய்ஞ்சு. இப்படி அளவும் திசையும் சேந்து இருக்கதுதான் வெக்டர். இதுல எக்ஸ் கூறு, அதாவது கிழக்கு மேற்கா உள்ள பங்கு எவ்வளவு? ஒய் கூறு, அதாவது வடக்கு தெற்கா உள்ள பங்கு எவ்வளவு?

பிளஸ் ஒன் பிள்ளைகள்ல நிறைய பேரு கண்ண மூடிட்டு "எக்ஸ்னா காஸ், ஒய்னா சைன்"னு போட்டிருவாங்க. இங்க அப்படிப் போட்டா போட்டு வேற எங்கயோ போயிரும்.

போர்டைப் பாருங்க. கிழக்கு பிளஸ் எக்ஸ், வடக்கு பிளஸ் ஒய். இப்ப போட்டோட வேகத்தைக் காட்டுற இந்த அம்புக்குறியோட முனையில இருந்து தெற்குக் கோட்டுக்கு ஒரு செங்குத்து இறக்குதேன். செங்கோண முக்கோணம் வந்துட்டா? கர்ணம் 6. 30 டிகிரி எந்தக் கோட்டை ஒட்டி இருக்கு? தெற்கை. அப்ப தெற்குக்குத்தான் காஸ், மேற்குக்கு சைன். எந்தக் கணக்கு வந்தாலும் இத மட்டும் பாருங்க: கோணம் ஒட்டியிருக்க அச்சுக்கு காஸ், மத்ததுக்கு சைன்.

மேற்க 6 × 0.5 = 3. தெற்க 6 × 0.866 = 5.2. ரெண்டும் மைனஸ் பக்கம், அதனால எக்ஸ் −3, ஒய் −5.2. சரியான்னு பாக்க ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டுங்க. 9 + 27 = 36, வர்க்கமூலம் 6. ஆனா ஒண்ணு, சைனையும் காஸையும் மாத்திப் போட்டாலும், மைனஸை விட்டாலும் இதே 36தான் வரும். அதனால படம் போடாம இத மட்டும் நம்பாதீங்க.

பரீட்சையில கால்குலேட்டர் கிடையாது. வீட்டுல ஃபோன்ல போட்டுப் பாக்கவங்க முதல்ல சைன் 30 அடிங்க. 0.5 வரணும். −0.988னு வந்தா ரேடியன்ல, அதாவது கோணத்துக்கான வேற அலகுல கிடக்கு, டிகிரிக்கு மாத்துங்க.

இப்ப கிழக்குப் பாத்து வினாடிக்கு 1 மீட்டர் நீரோட்டம் இருக்குன்னு வைங்க. எக்ஸோட எக்ஸைக் கூட்டு: −3 + 1 = −2. ஒய் அப்படியே −5.2. தொகுபயன் வேகம், அதாவது ரெண்டும் சேந்து வாற வேகம், 4 + 27 = 31, வர்க்கமூலம் சுமார் 5.57. திசைக்கு ஒய்யை எக்ஸால வகுத்து, டேன் இன்வெர்ஸ் போட்டா 69 டிகிரின்னு காட்டும். கோணத்தைக் கிழக்குல இருந்து வடக்குப் பக்கமாத்தான் எண்ணுவோம், அப்ப அது வடகிழக்கு! போட்டு திரும்பிக் கரையப் பாத்து வருதா என்ன? மைனஸை மைனஸால வகுத்தா பிளஸ் ஆயிரும்லா, எந்தக் கால்பகுதின்னு கால்குலேட்டருக்குத் தெரியாது. எக்ஸ் மைனஸா இருந்தா 180 கூட்டணும். கிழக்குல இருந்து வடக்கு, மேற்கு வழியாச் சுத்தி எண்ணினா 249 டிகிரி, அதாவது தெற்குல இருந்து மேற்குப் பக்கமா 21 டிகிரி. நீரோட்டம் போட்டைக் கிழக்க தள்ளுது, அதனால 30 டிகிரி 21 ஆயிருக்கு. கணக்கு பொருந்துது.

காத்து வந்தா ஒரு வில்லங்கம் உண்டு. கச்சான் காத்துன்னா மேற்க இருந்து வாறது. அம்புக்குறியைக் கிழக்குப் பாத்துப் போடணும், எக்ஸ் பிளஸ். ஆரல்வாய்மொழிக் காத்தாலையை வச்சுக் கணக்கு வந்தாலும் இதே கதைதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு. அதே போட்டு, ஆனா கிழக்க ஓடுற நீரோட்டம் வினாடிக்கு 3 மீட்டர். போட்டு எந்தத் திசையில, என்ன வேகத்துல போவும்? டேன் இன்வெர்ஸ் போட்டா கால்குலேட்டர் எரர் காட்டும், அது ஏன்னும் சேத்துச் சொல்லுங்க.