டெஸ்ட்டாஃப் பாஸ், ஆனா வகுப்பு புரியலை! (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன். ஜெர்மனியில மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் படிக்கிற ஒரு தம்பி கேக்கறாரு. இங்கிலீஷ் கோர்ஸ் இல்லை, முழுக்க ஜெர்மன் மொழியிலயே. டெஸ்ட்டாஃப்ங்கறது அங்க பல்கலைக்கழகத்துல சேர எழுதற ஜெர்மன் மொழித் தேர்வு, அதுல எல்லாப் பகுதியிலயும் நாலு வாங்கினா பொதுவா சேர்க்கைக்குப் போதும். "டெஸ்ட்டாஃப்ல நாலு பகுதியிலயும் நாலு வாங்கினேன். ஆனா வகுப்புல பத்துல மூணு பங்குதான் புரியுது. எல்லாரும் சிரிக்கும்போது நான் சும்மா சிரிக்கிறேன். செமஸ்டரை விட்டுட்டு மறுபடி மொழிப் பள்ளியில சேரலாமா?"

சேர வேண்டாம் தம்பி. பத்துல மூணுங்கறது செமஸ்டர் ஆரம்பிக்கற அக்டோபர், நவம்பர்ல சாதாரணம். பரீட்சைக்குப் பதிவு பண்ணின ஒலிநாடாவுல ஆள் நிறுத்தி, தெளிவா பேசுவாரு. இங்க வகுப்புல பேராசிரியர் ஒண்ணரை மணி நேரம் பேசுவாரு, பாதி நேரம் கரும்பலகையைப் பாத்துக்கிட்டு, வாக்கியத்தைப் பாதியில விட்டுட்டு வேற வாக்கியம் ஆரம்பிப்பாரு. ரெண்டும் வேற வேற வேலை.

பழைய வீடியோ பாத்தவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு தெரியும். பரவாயில்லை, மறுபடியும் சொல்றேன். ஜெர்மனுக்கு இங்கிலீஷ் வழியா போகாதீங்க. தமிழ்ல இருந்து நேரா போங்க.

போன தடவை "ஏன்னா"ங்கற வார்த்தை வர்ற வாக்கியத்தை வெச்சு சொன்னேன், வினைச்சொல் கடைசிக்குப் போயிடும்னு. இப்போ இந்தத் தம்பியோட பாடத்துலயே காட்டறேன். "டெர் ட்ரூக் நிம்ட்"னு பேராசிரியர் ஆரம்பிக்கிறாரு. அழுத்தம்னு புரிஞ்சுடுச்சு. "நிம்ட்" வந்ததும் எடுக்குதுன்னு மனசுக்குள்ள இங்கிலீஷ்ல போட்டுடறோம். எதை எடுக்குதுன்னு தேடும்போதே வாக்கியம் முடிஞ்சு போச்சு. அவர் கடைசியா சொன்ன ஒத்தை அசையை நாம கேக்கவே இல்லை. "ஆப்"னு முடிச்சிருந்தா அழுத்தம் குறையுது. "ட்ஸூ"ன்னு முடிச்சிருந்தா கூடுது. மொத்த அர்த்தமும் அந்த வால்லதான் இருக்கு.

இது தமிழனுக்குப் புதுசா? "உயரம் போகப் போக அழுத்தம்..."னு நான் நிறுத்தினா கூடுதா, குறையுதா, மாறவே இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது. கடைசி வார்த்தைக்குக் காத்திருந்து கேக்கற காது நமக்கு ஏற்கனவே இருக்கு. இங்கிலீஷ் மீடியத்துல பன்னெண்டு வருஷம் அதைத் தூங்கவெச்சுட்டோம், அவ்வளவுதான். நீங்க, நீ விஷயமும் இதேதான். பேராசிரியரை "ஸீ"ன்னு சொல்லணும், கூடப் படிக்கிறவங்களை "டூ". இங்கிலீஷ்ல யோசிச்சா குழப்பம், தமிழ்ல யோசிச்சா இதுல பாடமே இல்லை.

ஆனா எண்ணுக்கும் மணிக்கும் தமிழ் கைகொடுக்காது, அதையும் சொல்லிடணும். "ஹால்ப் ஆஹ்ட்"னா அரை எட்டு. அது எட்டரை இல்லை, ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வந்தாச்சுன்னு கணக்கு. 54ஐ "நாலும் ஐம்பதும்"னு தலைகீழாச் சொல்வாங்க. கேக்கக் கேக்க எழுதினா 45 ஆயிடும். முழு எண்ணும் காதுல விழுந்த பிறகு எழுதுங்க. பழகறதுக்கு ரயில் நிலையத்துல நின்னு பிளாட்பார எண்ணையும் தாமத நிமிஷத்தையும் கேளுங்க, காசு செலவில்லை.

கரும்பலகையிலயும் பொறி இருக்கு. ஜெர்மன்காரங்க கையால எழுதற 1க்கு மேல்கோடு நீளமா இருக்கும், நம்ம கண்ணுக்கு 7 மாதிரி தெரியும். அவங்க 7க்கு நடுவுல ஒரு குறுக்குக்கோடு போடுவாங்க. தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. 1.250னு எழுதியிருந்தா அது ஆயிரத்து இருநூத்தி ஐம்பது. ஒண்ணே கால்னு நினைச்சுப் போட்டா கணக்கு ஆயிரம் மடங்கு தப்பு. மின்னழுத்தத்துக்கு நாம படிச்ச புத்தகத்துல "வி" எழுத்து, அங்க "யூ" எழுத்து. வார்த்தையும் ஏமாத்தும். "ஷ்பானுங்"னா மின்சாரப் பாடத்துல மின்னழுத்தம், இயந்திரவியல் பாடத்துல தகைவு. "லைஸ்டுங்"னா இயற்பியல்ல திறன், மதிப்பெண் பட்டியல்ல நீங்க எடுத்த தேர்ச்சி. மொழிப் பள்ளியில இன்னொரு வருஷம் இருந்தாலும் இதைச் சொல்லித் தரமாட்டாங்க. அதனாலதான் திரும்பப் போகாதீங்கன்னு சொல்றேன்.

என்ன செய்யணும்? வகுப்புக்கு முந்தின நாள் பேராசிரியரோட ஸ்லைடு, இல்லேன்னா "ஸ்க்ரிப்ட்"னு சொல்ற குறிப்புகளை பல்கலைக்கழக இணைய தளத்துல இருந்து இறக்கிக்கோங்க. தெரியாத வார்த்தையெல்லாம் எடுக்காதீங்க, விடிஞ்சிடும். இருபது போதும். அதுவும் திரும்பத் திரும்ப வர்ற பெயர்ச்சொல்லா எடுங்க. பக்கத்துல இங்கிலீஷ் எழுதாம ஒரு சின்னப் படமோ சூத்திரமோ போடுங்க. வகுப்புல அந்த இருபதுல எது வருதோ டிக் போடுங்க, மீதியை விட்டுடுங்க. முன்வரிசையில உக்காருங்க, உதடு தெரியணும். போன்ல பதிவு பண்றதா இருந்தா முதல்ல அனுமதி கேளுங்க. கேக்காம ஒருத்தர் பேச்சைப் பதிவு பண்றது அங்க வழக்கு வரைக்கும் போகக்கூடிய விஷயம்.

பெரிய வகுப்பை விட "டுடோரியும்"தான் உங்களுக்கு மருந்து. மேல் செமஸ்டர் பசங்களே நடத்தற கணக்குப் பயிற்சி அது. கூட்டம் குறைவு, "டூ" போட்டுப் பேசலாம், அதே கேள்வியை மூணு தடவை கேக்கலாம். அதைத் தவிர்த்துட்டு மெயின் வகுப்புல மட்டும் போய் உக்கார்றவங்கதான் ஜனவரியில திணறுவாங்க. அப்புறம் "ஃபாக்‌ஷாஃப்ட்"னு மாணவர் குழு ஒண்ணு துறைக்குத் துறை இருக்கும். நிறைய இடங்கள்ல பழைய கேள்வித்தாள் அவங்ககிட்ட கிடைக்கும்.

நேரம் பத்தி ஒரு துணுக்கு. அட்டவணையில "10 சி.டி."ன்னு போட்டிருந்தா வகுப்பு 10:15க்கு. "எஸ்.டி."ன்னா சொன்ன நேரத்துக்கே. பத்துக்குப் போய் காலி ஹாலைப் பாத்து, அறை மாறிடுச்சோன்னு கட்டடம் கட்டடமா ஓடுற புதுப் பசங்க வருஷா வருஷம் உண்டு. வகுப்பு முடிஞ்சதும் எல்லாரும் மேஜையைத் தட்டுவாங்க. சண்டை இல்லை, கைத்தட்டல்தான் அது.

சரி, தம்பி கேக்காத கேள்விக்கு வர்றேன். எனக்கு இதுதான் முக்கியம். தபால் பெட்டியைக் கடைசியா எப்போ திறந்தீங்க? பல்கலைக்கழகம் கொடுத்த மெயில் ஐ.டி.யைத் தினமும் பாக்கறீங்களா, இல்லை ஜிமெயிலை மட்டுமா?

முதல் செமஸ்டர்ல பாடம் புரியாததால நஷ்டப்படறவங்களை விட, ஒரு கடைசித் தேதி புரியாததால நஷ்டப்படறவங்க நிலைமை மோசம். "ஃப்ரிஸ்ட்"னா கெடு. எந்தக் காகிதத்துல இந்த வார்த்தை வந்தாலும் அன்னைக்கே அகராதியை எடுங்க. நம்ம ஊர்ல காலேஜே ஃபீஸ் வாங்கிட்டு ஹால் டிக்கெட் கையில கொடுத்துடும். அங்க ஒவ்வொரு பரீட்சைக்கும் நீங்களேதான் இணையத்துல பதிவு பண்ணணும். அதுக்கு ஒரு கெடு, பதிவை வாபஸ் வாங்க இன்னொரு கெடு. பதிவு பண்ணிட்டு, காரணம் காட்டாம போகலைன்னா பொதுவா 5.0, அதாவது ஃபெயில். பாஸுக்கு 4.0 வரை, எண் குறைய குறைய நல்லது. உடம்பு சரியில்லைன்னா டாக்டர் சான்றிதழ் உடனே போகணும்.

ஒரு பாடத்துல எத்தனை தடவை எழுதலாம்னு உங்க தேர்வு விதிமுறையில இருக்கும், பல இடங்கள்ல மூணு. கடைசித் தடவையும் போச்சுன்னா அந்தப் படிப்பை நாட்டுல வேற எங்கயும் தொடர முடியாத நிலைகூட வரலாம். அதனால "எதுக்கும் இருக்கட்டும்"னு எல்லாப் பரீட்சைக்கும் பேர் கொடுக்காதீங்க. முதல் செமஸ்டர்ல நல்லா தயாரான மூணு, நாலு பாடம் போதும்.

அடுத்த செமஸ்டர் கட்டணமும் தானா ஞாபகப்படுத்திட்டு வராது. "ரூக்மெல்டுங்", அதாவது மறுபதிவு. பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில கொடுத்த எண்ணை எழுத்து மாறாம போடுங்க. இல்லேன்னா பணம் போயிருக்கும், உங்க பேர்ல வரவு இருக்காது.

தபால் பெட்டியைப் பத்தி ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அங்க கட்டடத்துக்கு எண் இருக்கும், உள்ள இருக்கற ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் தனி எண் போடற வழக்கம் பெரும்பாலும் இல்லை. பெட்டியில இருக்கற பேரைப் பாத்துத்தான் தபால்காரர் போடுவாரு. நம்ம பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர் இடத்துல அப்பா பேர் இருக்கும். அதனால கடிதம் அப்பா பேருக்குத்தான் வரும், "மதிப்புக்குரிய திரு. முருகேசன்"னு. பெட்டியில "கார்த்திக்"னு மட்டும் ஒட்டியிருந்தா அந்தக் கடிதம் திரும்பிப் போயிடும். வரி எண், இன்சூரன்ஸ், பேங்க் கார்டு எல்லாம் அப்படித்தான் காணாமப் போகுது. ரெண்டு பேரையும் ஒட்டுங்க. அறைத்தோழர்கள் இருந்தா அவங்க பேருக்குக் கீழ ஒட்டுங்க, மேல ஒட்டி மறைச்சுடாதீங்க.

விசாவைப் பாருங்க, அதுல இருக்கற தேதிக்கு முன்னாடியே வெளிநாட்டவர் அலுவலகத்துல தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டிருக்கணும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுக்கே வாரக்கணக்கா ஆகும், அதனால இப்பவே.

மொழி வகுப்பு வேணும்னு மனசு அடிச்சுக்கிட்டா, வெளியில பணம் கட்டாதீங்க. உங்க பல்கலைக்கழக மொழி மையத்துல மாலை நேர வகுப்பு இருக்கான்னு பாருங்க. வகுப்புக் குறிப்பு எடுக்கறது, அறிக்கை எழுதறது மாதிரி தலைப்புல இருந்தா சேருங்க. வாரத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம்.

அடுத்த கேள்வி, பால் பாட்டிலுக்கு ஏன் 25 சென்ட் கூட வாங்கறாங்கன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க.