ப்ராப்பர்ட்டி மேனேஜரா, எஸ்டேட் மேனேஜரா? வீட்டை யாரிடம் ஒப்படைப்பது?

வணக்கம் நண்பர்களே. சொந்த வீடு இருக்கிறது, ஆனால் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஒரு ஆளை வைத்தே ஆக வேண்டும். அவர் ப்ராப்பர்ட்டி மேனேஜரா, எஸ்டேட் மேனேஜரா? இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நிறையப் பேர் வீட்டின் அளவைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சின்ன வீடு என்றால் முதலாமவர், பெரிய பங்களா என்றால் இரண்டாமவர். என்னைக் கேட்டால், அளவு அவ்வளவு முக்கியம் இல்லை. அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாடகைக்கு வருபவரா, இல்லை நீங்களும் உங்கள் குடும்பமுமா?

வாடகைக்கு விடும் வீடு என்றால் ப்ராப்பர்ட்டி மேனேஜர்தான். வீடு காலியானதும் ஆள் தேடுவார். வருகிறவருக்கு வாடகை கட்டும் வசதி இருக்கிறதா, முன்பு இருந்த இடத்தில் ஒழுங்காக இருந்தாரா என்று விசாரிப்பார். ஒப்பந்தம் போடுவார், மாதாமாதம் வாடகை வாங்குவார். குழாய் உடைந்தால் பிளம்பரை அனுப்பி, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கோடு உங்களுக்கு அனுப்பிவிடுவார். பெரும்பாலும் இவருக்குக் கூலி, வசூலாகும் வாடகையில் ஒரு சதவீதம். புதிதாக ஆள் பிடித்துக் கொடுத்தால் தனிக் கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு. உங்களைப் போல இன்னும் பல உரிமையாளர்களின் வீடுகளும் அவர் கையில் இருக்கும்.

எஸ்டேட் மேனேஜர் அப்படி இல்லை. பெரும்பாலும் உங்கள் ஒருவரிடமே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். தோட்டக்காரர், டிரைவர், காவலாளி, வீட்டு வேலை செய்பவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே வருவார்கள். ஜெனரேட்டர், ஏசி சர்வீஸ் தேதிகள், காப்பீட்டைப் புதுப்பிப்பது, வருடச் செலவுக்குத் திட்டம் போடுவது, நீங்கள் வந்து இறங்கும் முன் வீட்டைத் தயாராக வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. உங்கள் குடும்பத்தின் அந்தரங்கம் பாதி அவருக்குத் தெரிந்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சரி, இரண்டு பேருமே வீட்டைத்தானே பார்த்துக்கொள்கிறார்கள், யாராக இருந்தால் என்ன என்று தோன்றலாம். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறி வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சில வாரங்கள் யாரும் குழாயைத் திறக்காவிட்டால் அது வற்றிப்போய், வீடு முழுக்க நாற்றம் ஏறிவிடும். வேலை தெரிந்தவர் வந்தால் ஒவ்வொரு குழாயையும் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிடுவார். அப்புறம் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்ப்பார். முள் நகர்ந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

வாடகையில் சதவீதம் வாங்குகிறவர் இதை ஏன் செய்யப்போகிறார்? வாடகையே வராத வீட்டில் அவர் பங்கு பூஜ்யம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. எதற்காகக் காசு கொடுக்கிறோமோ, அதன் மீதுதான் ஆளுடைய கவனமும் இருக்கும். அதனால் நீங்கள் வந்து போகிற வீட்டை வெறும் சதவீதக் கணக்கில் ஒப்படைக்காதீர்கள். இன்னொன்று, வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் பல காப்பீட்டு பாலிசிகளில் பாதுகாப்பு குறைந்துவிடும். யாராவது குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிற பாலிசிகளும் இருக்கின்றன. உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அதற்காக எல்லோரும் எஸ்டேட் மேனேஜரைத் தேடிப் போக வேண்டியதில்லை. வேலையாட்கள் யாரும் இல்லை, வீடு பூட்டித்தான் கிடக்கிறது என்றால், வாரம் ஒருமுறை வந்து பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிற ஆளே போதும். முழுநேர ஆளை வைத்த நாளிலிருந்து நீங்கள் ஒரு முதலாளி. அவருடைய விடுப்பு, வரி, அவர் வராத நாளில் மாற்று ஆள் எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். மேய்க்க நான்கைந்து பேர் இருக்கிற இடத்தில்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

வருடத்தில் சில மாதம் நாமே இருப்போம், மற்ற மாதங்களில் வாடகைக்கு விடுவோம் என்கிறவர்களுக்குத்தான் உண்மையில் சிக்கல். வாடகை பார்க்கிறவர் ஒரு நாள்கூடக் காலியாக விட விரும்ப மாட்டார். வீட்டைக் காப்பாற்றுகிறவர் நடுவில் பழுது பார்க்க நேரம் கேட்பார். இரண்டு பேரையும் சமமாக வைத்தால் தினமும் உங்களுக்குப் பஞ்சாயத்துதான். ஒருவரை மேலே வையுங்கள். வீட்டின் நிலைமை முக்கியம் என்றால், பராமரிக்கிறவர் சொல்லும் தேதிகளில் மட்டும் மற்றவர் ஆள் பிடிக்கட்டும்.

ஆளை முடிவு செய்த பிறகு காகித வேலை. ப்ராப்பர்ட்டி மேனேஜர் என்றால், உங்கள் பகுதியில் உரிமம் தேவையா, அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அது சட்டப்படி கட்டாயம். எந்தத் தொகைக்கு மேல் போனால் உங்களைக் கேட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பழுது பில்லுக்கு மேல் அவர் தன் பங்கைச் சேர்க்கிறாரா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். வாடகைதாரர் கொடுத்த அட்வான்ஸ் தனிக் கணக்கில் இருக்கட்டும். ஒப்பந்தத்திலிருந்து விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, விலகினால் ஏதாவது கட்ட வேண்டுமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எஸ்டேட் மேனேஜர் என்றால், முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் நீங்களே பேசுங்கள். செலவுக்கு வரம்பு வைத்த தனி கார்டு கொடுங்கள், மாதம் முடிந்ததும் பில்களை வாங்கிவிடுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் வீட்டுக்கான கையேடு ஒன்றை அவரையே எழுதச் சொல்லுங்கள். எந்த வால்வு எங்கே, எந்தச் சாவி யாரிடம், எந்த இயந்திரத்துக்கு யார் சர்வீஸ் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதன் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் அவர் வேலையை விட்டுப் போகிற அன்று, உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே ஒன்றும் தெரியாது.

அடுத்த வீடியோவில் ப்ராப்பர்ட்டி மேனேஜர் ஒப்பந்தம் ஒன்றை வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். நன்றி.